காரில் படிந்த ஸ்டிக்கர் பசையும் பிளேடு யோசனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளியான ஒரு குறிப்பு, காரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்த பின் தங்கிவிடும் பசையைப் போக்க மூன்று வழிகளைச் சொல்லியிருந்தது. தின்னரைத் துணியில் நனைத்து அழுத்தித் தேய்ப்பது, அதற்கும் மசியாத இடத்தை பிளேடால் சுரண்டுவது, கடைசியில் பற்பசை பூசி மெருகேற்றுவது என்பன அவை. இவை மூன்றும் பசையைப் போக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பசையோடு சேர்ந்து வேறு எது போகும் என்பதைத்தான் அந்தக் குறிப்பு சொல்லவில்லை. வண்டிகளுக்கு பெயிண்ட் அடிக்கும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் நான். இப்படிப்பட்ட கைவைத்தியம் முடிந்த பிறகு பட்டறைக்கு வந்து சேரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாம் கை வைக்கப்போகும் பரப்பு எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமில்லாத கிளியர் கோட் என்று பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும். நான்கையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான், அதாவது நாம் எழுதப் பயன்படுத்தும் சாதாரணத் தாளின் கனத்தில் பாதி. வண்டியின் பளபளப்பு முழுவதும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் பெரும்பாலும் இதுதான். காம்பவுண்ட் என்னும் உரசும் மெருகுப் பசையைப் போட்டுத் தேய்க்கும்போதெல்லாம் இதிலிருந்து சிறிதளவு கழன்று போகிறது; போனது திரும்ப வளர்வதில்லை. மெழுகு பூசினால் மினுக்கம் வரும், கனம் கூடாது.

எல்லா பெயிண்டும் ஒரே உறுதியுடையதும் அல்ல. தொழிற்சாலையில் வெறும் கூடாக இருக்கும்போதே வண்டியை அடுப்பறைக்குள் செலுத்தி, ஏறத்தாழ 130 முதல் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் பூச்சை இறுகச் செய்கிறார்கள். பட்டறையில் அந்தச் சூட்டைக் கொடுக்க முடியாது; கொடுத்தால் பிளாஸ்டிக் பாகங்களும் ரப்பரும் வயரிங்கும் பாழாகிவிடும். ஆகவே மறுபடி பெயிண்ட் அடித்த கதவோ பம்பரோ 60 டிகிரி அளவில் சூடேற்றப்படுகிறது அல்லது காற்றிலேயே உலர விடப்படுகிறது. அது தொடுவதற்குக் காய்ந்துவிட்டாலும், முழுமையாக இறுகுவதற்குச் சில வாரங்கள் கூட ஆகலாம். ஒரே வண்டியில் ஒரு கதவு தின்னரைத் தாங்கிக்கொண்டு, அடுத்த கதவு நொடியில் மங்கிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வாங்கியது பழைய வண்டி என்றால் எந்தப் பகுதிக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கிறது என்பது உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம்.

தின்னர் என்பது பெயிண்டை இளக்குவதற்காகவே உண்டான திரவம். ஸ்ப்ரே கன்னில் காய்ந்துபோன பெயிண்டைக் கழுவி எடுக்க நாங்கள் பயன்படுத்துவதும் அதைத்தான். அதை ஊற்றி, மேலும் அழுத்தித் தேய்க்கச் சொல்வது, பூட்டைத் திறக்கக் கதவையே உடைக்கச் சொல்வதற்கு ஒப்பானது. நகச்சாயத்தை நீக்கும் அசிட்டோனுக்கும் இது பொருந்தும். நன்கு இறுகிய தொழிற்சாலைப் பூச்சு சில நொடிகள் தாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பசையைக் கரைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதும், எத்தனையாவது நொடியில் பூச்சு இளகத் தொடங்கும் என்பதும் தேய்ப்பவருக்குத் தெரியாது. தேய்க்கும் துணியில் வண்டியின் நிறம் ஏறுவதைக் கண்டால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். ஒன்று, அந்த வண்டியில் கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பூச்சு இருக்கிறது. அல்லது இருந்த கிளியர் கோட் போய்விட்டது.

அந்தக் குறிப்பில் இல்லாவிட்டாலும் பலர் கையாளும் இன்னொரு பொருள் பெட்ரோல். பசையை அது நன்றாகவே கரைக்கும். ஆனால் அது ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆவியை வெளியிடுகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, தொலைவில் இருக்கும் ஒரு பொறியைக் கூடத் தேடிச் சென்று பற்றிக்கொள்ளும். மூடிய ஷெட்டுக்குள் பெட்ரோல் துணியோடு நின்று வண்டி துடைப்பவரைக் கண்டால் எனக்கு வண்டியைப் பற்றிய கவலை பின்னால்தான் வரும். ஒப்பிட்டால் மண்ணெண்ணெய் பரவாயில்லை. அது தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை வெளியிடுவது ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரிக்கு மேல்தான். மெதுவாக ஆவியாவதால் பசையோடு இருந்து வேலை செய்யவும் அதற்கு நேரம் கிடைக்கிறது. எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுச் செல்லும் என்பதே அதன் குறை. அதைச் சோப்பு நீரில் கழுவிவிடலாம்.

இனி பசைக்கு வருகிறேன். ஸ்டிக்கரின் பசை, மரத்தை ஒட்டும் பசையைப் போலக் காய்ந்து கெட்டியாவதால் ஒட்டுவதல்ல. அது எப்போதும் பிசுபிசுப்பான, மிக மிகக் கெட்டியான ஒரு திரவத்தின் தன்மையோடு இருந்து, அழுத்தினால் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பாய்ந்து பிடித்துக்கொள்வது. நாள் செல்லச் செல்ல இன்னும் ஆழமாகப் பாய்கிறது. ஒட்டிய மறுநாள் நகத்தால் உரியும் ஸ்டிக்கர் சில ஆண்டுகளுக்குப் பிறகு உரிய மறுப்பது இதனால்தான். போதாததற்கு வெயில் அதன் மேல்தாளை நொறுங்கச் செய்துவிடுகிறது. இழுத்தால் நகக்கண் அளவுத் துண்டுகளாக உடைந்து வருகிறது, பசை முழுவதும் தகட்டிலேயே தங்கிவிடுகிறது. ஒட்டவும் வேண்டும், தடயமின்றி உரியவும் வேண்டும் என்ற இந்தச் சிக்கல் கார் பெயிண்டோடு சேர்ந்தே பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். வண்டிகளுக்கு இரண்டு நிறம் அடிக்கும் வழக்கம் பரவிய காலத்தில், நிறத்தின் எல்லையை மறைக்க ஒட்டிய பொருளை உரித்தால் அடியில் இருந்த புதுப் பெயிண்டும் சேர்ந்து உரிந்தது. அதைக் கண்டுதான் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்டு ட்ரூ 1925இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். அந்த டேப்பையும் பல நாள் வெயிலில் விட்டுவிட்டால் அதன் பசையும் தகட்டில் தங்கிவிடும்.

பசையில் முக்கியமாக இரண்டு குலங்கள் உண்டு. ரப்பரை அடிப்படையாகக் கொண்டது ஒன்று. அது வெயிலில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும், விரல் வைத்தால் நூல்நூலாக இழுபடும், மிகவும் பழையதானால் கெட்டித்து வறண்டுபோகும். மண்ணெண்ணெய், மினரல் டர்பென்டைன், தார்க்கறை நீக்கி போன்ற பெட்ரோலிய வகைத் திரவங்களுக்கு இது எளிதில் இளகும். சாதாரணச் சமையல் எண்ணெய்க்கே கூட ஓரளவு மசியும். அக்ரிலிக் வகை மற்றொன்று. அது பெரும்பாலும் நிறம் மாறாமல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், வெயிலைத் தாங்கும், கட்டைவிரலால் உருட்டினால் அழிரப்பரின் துகள் போலச் சுருளும். எண்ணெயில் இது சற்று ஊறுமே தவிர விட்டுக்கொடுக்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ, ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனீன் கலந்த பசை நீக்கியோ இதற்குச் சரிப்படும். ஒரு திரவம் வேலை செய்யவில்லை என்றால் பலர் கையின் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். மாற்ற வேண்டியது திரவத்தை. அல்லது அதற்குக் கொடுக்கும் நேரத்தை.

மேல்தாள் இன்னும் மிச்சமிருந்தால் முதலில் சூடு. ஹேர் டிரையர் போதும். பட்டறையில் பயன்படுத்தும் ஹீட் கன் சில நூறு டிகிரிச் சூட்டைக் கக்கக்கூடியது. பழக்கமில்லாதவர் கையில் அது பெயிண்டைக் கொப்புளிக்கச் செய்துவிடும், பம்பர் என்றால் வளைந்தே போகும். தகட்டில் கை வைத்தால் சுள்ளென்று உறைக்க வேண்டும், ஆனால் கையை எடுக்க வைக்கக் கூடாது. சுமார் 50 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிடக் குறைந்தால் தாள் கிழியும். மிகவும் கூடினால் பசை நெகிழ்ந்து தாளை விட்டுவிட்டுத் தகட்டோடு தங்கிவிடும். ஒரு மூலையைத் தூக்கி, தாளைப் பின்பக்கமாக மடக்கி, தகட்டை ஒட்டினாற்போலத் தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுத்தால் பசையில் பெரும்பகுதி தாளோடு வந்துவிடும். இதில் செலவிடும் பொறுமை, பின்னால் வரும் வேலையில் பாதியைக் குறைக்கிறது. ஸ்டிக்கர் காகிதமாக இருந்தால் சூட்டைவிட வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைப்பதே நல்லது, ஏனென்றால் காகித நார் மேலே இருக்கும்வரை எந்தத் திரவமும் பசையைச் சென்று அடைவதில்லை.

பசை மட்டும் எஞ்சிய பிறகு செய்ய வேண்டியது மிக எளியது, மிகச் சலிப்பூட்டுவதும்கூட. வண்டி நிழலில் இருக்க வேண்டும், தகடு குளிர்ந்திருக்க வேண்டும். சுற்றியுள்ள தூசியை முதலில் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த மணல் கீறிக்கொண்டே போகும். எந்தத் திரவமானாலும் எரிபொருள் மூடியின் உட்புறம், கதவை மூடினால் மறையும் விளிம்பு போன்ற கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்து, சற்றுப் பொறுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறாமல், பரப்பு மங்காமல், விரலுக்குப் பிசுபிசுக்காமல் இருந்தால் மேலே செல்லலாம். ஆனால் உட்புறம் தொழிற்சாலைப் பூச்சாகவும் வெளிப்புறம் பின்னால் அடித்ததாகவும் இருக்கக்கூடும் என்பதால், பசையின் ஓரத்திலும் ஒருமுறை சோதிப்பது பாதுகாப்பு. பிறகு திரவத்தில் நனைத்த துணியைப் பசையின் மேல் படிய வைத்து, அது ஆவியாகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டுச் சில நிமிடம் விட்டுவிட வேண்டும். தேய்க்கவே கூடாது. எடுத்துப் பார்த்தால் பசையின் ஓரங்கள் முதலில் வெளுத்து, பிறகு தோல் சுருங்குவது போல நெளிந்து, தகட்டிலிருந்து சற்றே எழும்பியிருக்கும். அந்த நிலையில் மென்மையான பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் தள்ளினால் ஒரே படலமாக வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லை என்றால் இன்னும் ஊறவில்லை என்று பொருள். மறுபடி மூடிவைக்க வேண்டும். அக்ரிலிக் பசைக்கு இது பல முறை தேவைப்படலாம்.

துடைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கரைந்த பசை மறைந்துவிடுவதில்லை, திரவத்துக்குள் போய்விடுகிறது. திரவம் காய்ந்தால் அது மறுபடி தகட்டிலேயே படியும், முன்பைவிட அகலமாக, மெல்லிய பிசுக்காக. ஆகவே ஈரம் காய்வதற்குள் வெளியோரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுத்து, ஒவ்வொரு முறையும் துணியின் புதிய மடிப்பைத் திருப்ப வேண்டும். ஒரே துணியின் ஒரே முகத்தால் வட்டவட்டமாகத் தேய்ப்பவர் பசையைப் போக்குவதில்லை, ஊர்வலம் விடுகிறார். துணி மைக்ரோஃபைபராக இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நிற நாரில் உரசும் தூள் கலந்திருக்கிறது. கறையை மாயமாக அழிக்கும் என்று விற்கப்படும் வெள்ளைப் பஞ்சும் நுண்ணிய உப்புத்தாளைப் போலவே வேலை செய்வது. இரண்டும் பெயிண்டின் பக்கமே வரக் கூடாது.

பிளேடைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடியின் வெளிப்புறத்தில், சோப்பு நீர் தெளித்துக்கொண்டு, சாய்வாகப் பிடித்துச் சுரண்டலாம். பின்கண்ணாடியின் உட்புறத்தில் பனிமூட்டம் போக்கும் மெல்லிய மின்கோடுகள் ஓடுவதால் அங்கேகூடக் கூடாது. பெயிண்டில் ஒருபோதும் கூடாது. பற்பசையைப் பொறுத்தவரை, அதில் இருக்கும் உரசும் பொருள் பல்லின் எனாமலைக் கருத்தில் கொண்டு சேர்க்கப்பட்டது, எனாமலோ கிளியர் கோட்டைவிட மிகவும் கடினமானது. பெயிண்டுக்கென்றே அரைக்கப்பட்ட மெல்லிய பாலிஷ் கிடைக்கும்போது, துகளின் அளவு தெரியாத ஒன்றை நம்பித் தேய்ப்பதற்குக் காரணமே இல்லை.

பெயர்ப்பலகைகளையும் அணிப்பட்டைகளையும் ஒட்டப் பயன்படுத்தும் இருபுறம் ஒட்டும் தடித்த நுரை டேப், வேறு கதை. அதைத் திரவத்தில் ஊறவைத்து மாளாது. சற்றுச் சூடாக்கி, பல் இடுக்குக்கான நூலையோ மீன்பிடி நரம்பையோ எழுத்துக்கும் தகட்டுக்கும் இடையே ரம்பம்போல இழுத்தால் எழுத்து கழன்றுவிடும். எஞ்சும் நுரையைச் சூட்டோடு பெருவிரலால் உருட்டி எடுப்பதே வீட்டில் செய்யக்கூடியது. பட்டறையில் டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் வைத்திருப்போம். நல்ல கருவிதான், ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே பெயிண்டைக் கருக்கிவிடும். புதிதாக அடித்த பெயிண்டின் மேல் அதை நாங்களே வைப்பதில்லை.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய முக்கியமான செய்திக்கு இப்போது வருகிறேன். பட்டறைக்குக் கெட்டுப்போய் வரும் வண்டிகளில் பலவற்றில், பசை எப்போதோ போயிருக்கும். ஸ்டிக்கர் இருந்த வடிவம் மட்டும் தெரியும். அதைப் பசை என்று எண்ணித் தேய்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். அந்தத் தடம் மூன்று விதமானது. ஸ்டிக்கரின் விளிம்பில் கசிந்த பசையில் தூசி ஒட்டிக் கறுத்த மெல்லிய கோடு ஒன்று. நகத்தை அதன் மேல் மெதுவாக ஓட்டினால் தட்டும். அது பசைதான், ஊறவைத்தால் போகும். இரண்டாவதில் நகம் தட்டாது. திரவம் ஈரமாக இருக்கும்போதும் காய்ந்த பிறகும் வடிவம் அப்படியே இருக்கும். ஸ்டிக்கர் இருந்த இடம் அடர்ந்த நிறத்திலும் சுற்றுப்புறம் வெளிறியும் தோன்றும். இங்கே கெட்டது ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பகுதி அல்ல. அது வெயில் படாமல் புதிதாகவே இருந்திருக்கிறது. சுற்றியுள்ள பெயிண்ட் இத்தனை ஆண்டு வெயிலில் மங்கியிருக்கிறது. நடுவில் எவ்வளவு தேய்த்தாலும் இந்த வேறுபாடு மாறாது. மாற வேண்டுமானால் சுற்றியுள்ள பகுதிக்கு மெல்லிய பாலிஷ் போட வேண்டும்; அதிலும் சற்று மிச்சம் இருக்கவே செய்யும், நாள்பட வெயிலே அதைச் சமன் செய்யும். மூன்றாவது வகையில் விளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால் வடிவத்தின் எல்லை பள்ளமாகவோ மேடாகவோ தெரியும். வினைல் ஸ்டிக்கரை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து பெயிண்டுக்குள் இறங்கியிருக்கலாம். அல்லது முன்பு யாரோ ஊற்றிய கரைப்பான் கிளியர் கோட்டை உப்பவைத்திருக்கலாம். இதற்கு வீட்டில் மருந்து கிடையாது, பூச்சின் கனத்தை அளக்கும் கருவி உள்ள பட்டறையில் காட்டுவதே சரி. நகத்தாலும் ஒரு விளக்காலும் கண்டுபிடித்துவிடக்கூடிய இந்த வேறுபாட்டை அறியாமல், நடுவில் இருந்த நல்ல கிளியர் கோட்டைப் பேஸ் கோட் வரை தேய்த்து எடுத்தவர்கள் பலர். அதன் பிறகு அந்தக் கதவு முழுவதற்கும் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

சில இடங்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். முன்விளக்கின் மூடி இன்று கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்; தின்னரும் அசிட்டோனும் பெட்ரோலும் பட்டால் அதில் சிலந்தி வலைபோல நுண்விரிசல்கள் ஓடும். பெயிண்ட் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக்கில் எண்ணெய் வகைகள் திட்டுத்திட்டாகக் கறை விடும். கதவோர ரப்பர் பெட்ரோலிய திரவங்களில் உப்பிவிடும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டில் பாலிஷே போடக் கூடாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கும், அதைத் திரும்ப மங்கவைக்க யாராலும் முடியாது.

வேலை முடிந்ததும் அந்த இடத்தை வண்டி ஷாம்பு கலந்த நீரால் கழுவி, எண்ணெய்ப் படலம் முழுவதும் போன பிறகு மெழுகு பூச வேண்டும். படலத்தின் மேல் பூசிய மெழுகு நிற்காது, அங்கே தூசியும் வேகமாகப் படியும். நனைந்த துணிகளைச் சுருட்டி வண்டிக்குள்ளேயோ பெட்டிக்குள்ளேயோ போட்டுவைக்காமல், திறந்த வெளியில் விரித்துக் காயவிட்ட பிறகே அப்புறப்படுத்த வேண்டும். மிஞ்சிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

ஸ்டிக்கரை ஒட்டுபவர்களுக்கும் ஒரு சொல். தடயமின்றி உரியும் பசையோடு கூடிய தாள்கள் சந்தையில் இல்லாமலில்லை. தற்காலிக அனுமதிச் சீட்டுகள், விளம்பரங்கள், விழா அறிவிப்புகள் போன்றவற்றுக்கு நிரந்தரப் பசை எதற்கு? அடுத்தவர் வண்டியில் கேட்காமல் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள், குறைந்தபட்சம் பெயிண்டை விட்டுவிட்டுக் கண்ணாடியில் ஒட்டினால் அதுவே பெரிய உபகாரம்.

தங்கள் நாளிதழில் வெளியான குறிப்பை நம்பி இதற்குள் தின்னரும் பிளேடும் எடுத்தவர்கள் இருக்கக்கூடும். எனவே அந்த மூன்று யோசனைகளும் கண்ணாடிக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும், பெயிண்டுக்குப் பொருந்தாது என்ற திருத்தத்தை, குறிப்பு வந்த அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பெயிண்டிங் தொழிலில் உள்ள ஒரு வாசகர்